மாதோட்டத்தில் பார்க்க என்ன இருக்கு?

கம்பஸ் விடுமுறை ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் இரணைமடுச் சந்தியில் கூடி, மூன்று மோட்டார் சைக்கிளில் மன்னாருக்கு வெளிக்கிட்டோம். போவதற்கு முதல் நாள் இரவு ஒருவர் இணையத்தில் தேடிப் பட்டியல் போட்டிருந்தார்: மன்னார்க் கோட்டை, பெருக்கமரம், தலைமன்னார் இறங்குதுறை, வெளிச்சவீடு, அரிப்பு டொரிக் மாளிகை, கழுதைகள், செந்நாரைகள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இதே பட்டியல்தான்.

அதில் மாதோட்டம் இல்லை.

திருக்கேதீச்சரம் இருந்தது, ஆனால் கோயிலாக. மாதோட்டம் என்ற துறைமுக நகரம் எங்கேயும் இல்லை. இத்தனைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கு நாங்கள் எல்லோரும் பாடமாக்கிய பெயர் அது. அநுராதபுர காலத்தின் பெரிய துறைமுகம் மகாதித்த என்று ஒரு புள்ளிக்கு விடை எழுதியிருப்போம். அந்த மகாதித்ததான் தேவாரத்தில் வரும் மாதோட்டம், இப்போது மாந்தை என்று சொல்லும் இடம் என்பது எங்களில் இரண்டு பேருக்கு அன்றிரவுதான் விளங்கியது. ஒரே இடத்தை வரலாற்றுப் பாடத்தில் ஒரு பெயரிலும் சமய பாடத்தில் இன்னொரு பெயரிலும் படித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமலே வளர்ந்திருக்கிறோம்.

ஆகவே பட்டியலில் இல்லாத இடத்துக்கே முதலில் போவது என்று முடிவெடுத்தோம்.

நிற்கிற இடம்தான் நகரம்

பரந்தனால் திரும்பிப் பூநகரி போய், அங்கிருந்து ஏ32 வீதி. நாச்சிக்குடா, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போகும் வீதி. 2008இல் இதே வீதியால்தான் மன்னார்ப் பெருநிலப்பரப்புச் சனங்கள் எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து வந்தார்கள். அப்போது எங்களுக்கு ஐந்து, ஆறு வயது. அடம்பன் பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் வந்து இருந்தது இன்னும் ஞாபகம். பிறகு எல்லோரும் சேர்ந்தே ஓடினோம், அது வேறு கதை.

திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் இடத்திலிருந்து பார்த்தால் வயல், பற்றை, பனை, இடைக்கிடை நீர் தேங்கிய பள்ளங்கள். துறைமுகம் என்று மனதில் நினைத்துக்கொண்டு வந்த எதுவும் கண்ணில் படவில்லை. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ஐயாவைக் கேட்டோம்.

"ஐயா, இங்க பழைய துறைமுகம் எண்டு சொல்லுறது எவடம்?"

"நீங்கள் அதுக்கு மேலதான் தம்பி நிக்கிறியள்" என்றார். "மழைக்குப் பிறகு வந்தால் ஓட்டுத் துண்டு பொறுக்கலாம்."

அவர் சொன்னது உண்மை. மாந்தை என்பது குதிரை லாட வடிவில் உள்ள ஒரு மண்மேடு. சுற்றிவர இரட்டை அகழியும் மண் அணையும் இருந்த நகரம் அது. திருக்கேதீச்சரக் கோயில் அந்த மேட்டின் நடுவில்தான் நிற்கிறது. சாமி கும்பிட வருகிற ஒவ்வொருவரும் ஆயிரம் வருடத்துக்கு மேல் சனம் குடியிருந்த ஒரு நகரத்தின் மேலால் நடந்துதான் கோபுரவாசலுக்குப் போகிறார்கள். அதைச் சொல்லும் ஒரு பலகையை நாங்கள் போன பாதையில் காணவில்லை.

ஏன் இந்த இடம்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் மணல்திட்டுகள் கிடக்கின்றன. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்வது அதைத்தான். ஆழமில்லாத கடல். பெரிய கப்பல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியாது. அரபிக்கடலால் வருகிற கப்பலும், வங்காள விரிகுடாவால் வருகிற கப்பலும் இந்த இடத்துக்குக் கிட்ட வந்து நிற்க வேண்டும். சரக்கை இறக்கி, மாற்றி ஏற்ற வேண்டும். மன்னார்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நீர்ப்பாதையின் வாயிலில் மாதோட்டம் இருந்தது. மற்றவர்களுக்குத் தடையாக இருந்த கடல் இந்த ஊருக்குப் பிழைப்பாகியது.

இன்னொரு காரணம் ஆறு. அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வரும் மல்வத்து ஓயா எங்கள் பக்கம் வந்தால் அருவி ஆறு. அரிப்புக்குக் கிட்டக் கடலில் விழுகிறது. தலைநகரத்துக்கும் கடலுக்கும் இடையிலான இயற்கையான வழி அதுதான். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 வருடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், 1679இல் தப்பி ஓடும்போது இந்த ஆற்றோரமாகத்தான் நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

மண்ணுக்குள் இருந்தது

1980இலிருந்து 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தையில் அகழாய்வு நடந்தது. பிறகு போர் வந்தது, வேலை நின்றது. முழு அறிக்கை புத்தகமாக வந்தது 2013இல். தோண்டியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் இடையில் ஒரு யுத்தமே நடந்து முடிந்துவிட்டது.

அந்த அறிக்கையை எழுதியவர்களில் சிரான் தெரணியகலவும் ஒருவர். இந்தப் பெயர் எங்கள் ஊருக்கும் சொந்தம். இரணைமடுவில் செம்மண்ணும் பரல்கல்லும் கலந்து கிடக்கும் படிவை ஆராய்ந்து, அதில் ஒரு இலட்சம் வருடங்களுக்கு மேற்பட்ட கற்கருவிகள் இருப்பதாக எழுதியவர் அவர். தொல்லியல் புத்தகங்களில் அந்தப் படிவின் பெயரே 'இரணைமடு' தான். குளக்கட்டில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது!

மாந்தையில் வந்தது என்ன? சீனத்துப் பச்சைப் பூச்சு மட்பாண்டங்கள், மேற்காசியாவிலிருந்து வந்த நீலப்பச்சைப் பூச்சுச் சாடிகளின் துண்டுகள், கண்ணாடி மணிகள், கல்மணிகள். 2009–2010இல் மீண்டும் தோண்டியபோது மண்ணைத் தண்ணீரில் கரைத்து அரித்து, கருகிப்போன தானியங்களையும் விதைகளையும் எடுத்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வுதான் எங்களை மாதோட்டத்தின் பக்கம் இழுத்தது. கறுப்பு மிளகு கிடைத்தது. கோதுமை கிடைத்தது. ஒரேயொரு கராம்பு கிடைத்தது. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது, ஆசியாவில் கிடைத்த மிகப் பழைய கராம்பு என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

கராம்பு அந்தக் காலத்தில் இலங்கையில் விளையவில்லை. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில்தான் விளைந்தது. அதாவது ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர் கடல் கடந்து வந்த கராம்பு ஒன்று, யாருடைய கையிலிருந்தோ தவறி, மாந்தை மண்ணில் விழுந்து ஆயிரம் வருடம் கிடந்திருக்கிறது. அம்மா புக்கைக்கும் புரியாணிக்கும் போடுகிற அதே கராம்பு.

துறைமுகத்துக்குப் பின்னால் குளம்

அந்த ஆய்வில் எங்களைப் பிடித்த இன்னொரு விசயம் நெல். கோதுமை வெளியிலிருந்து வந்தது, ஆனால் மாதோட்டத்துச் சனம் காலாகாலமாகச் சாப்பிட்டது சோறு. நெல் அங்கேயே, சுற்றிவர விளைந்திருக்கிறது.

மன்னார் வரண்ட இடம். அங்கே நெல் எப்படி? விடை கட்டுக்கரைக்குளம். ஆங்கிலத்தில் இராட்சதக் குளம் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் பெரியது. 5ஆம் நூற்றாண்டுத் தாதுசேனன் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அருவி ஆற்றை மறித்து, வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் அது. 2016–2017 காலப்பகுதியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கட்டுக்கரையில் நடத்திய அகழாய்வில், ஐயனார் வழிபாட்டோடு தொடர்புடைய சுடுமண் உருவங்கள் கிடைத்தன. குளத்தை நம்பி வாழ்ந்த சனம், குளக்கட்டுக் காவல் தெய்வத்துக்கு வைத்தவை.

துறைமுகம் என்றதும் கப்பலையும் வணிகரையும் மட்டும்தான் நாங்கள் நினைத்திருந்தோம். பாரசீகத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த மாலுமி காற்று மாறும் வரைக்கும் மாதக்கணக்கில் இங்கே நிற்க வேண்டும். அவனுக்குச் சோறு வேண்டும், குடிக்க நல்ல தண்ணி வேண்டும். அதைக் கொடுத்தது சேற்றில் நின்ற விவசாயி. இரணைமடுவில் வாய்க்காலுக்குத் தண்ணி எப்ப திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு வளர்ந்த எங்களுக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

யாருடைய துறைமுகம்?

இனித்தான் சிக்கலான பகுதி.

மகாவம்சத்தில் விஜயனுக்கு மணப்பெண்ணாக மதுரையிலிருந்து அனுப்பப்பட்ட பாண்டிய இளவரசி வந்து இறங்கும் இடம் மகாதித்த. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும், அவருக்குப் பிறகு சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடினார்கள். கப்பல்கள் நிறைந்த கடலை உடைய நகரம் என்று சுந்தரர் சொல்கிறார். பிறகு சோழர். முதலாம் இராசராசன் காலத்தில் மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர். தாழிகுமரன் என்ற அதிகாரி அங்கே இராசராசேச்சரம் என்று ஒரு கோயில் கட்டிய கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் தலைநகர் அநுராதபுரத்தை விட்டுப் பொலநறுவைக்கு மாறியபோது மாதோட்டத்தின் பெருந்துறைமுகக் காலமும் மெல்ல முடிகிறது.

1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறிய ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றான். தீவில் தோட்டவெளியில் அவர்களுக்காக ஒரு ஆலயம் இருக்கிறது. சங்கிலியனைச் சிலையாகப் பார்த்து வளர்ந்த எங்களில் சிலருக்கு அந்த ஆலயத்தில் நின்றபோது என்ன கதைப்பது என்று தெரியவில்லை. பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள். 1560இல் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள். கேதீச்சரத்தை இடித்த கற்கள் அந்தக் கோட்டைக்குள் இருக்கின்றன என்பது இங்குள்ள மரபு. 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இந்த முறை ஓடியவர்கள் கத்தோலிக்கர். மாந்தைத் தேவாலயத்திலிருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் காட்டுக்குள் போனார்கள். அதுதான் இன்றைய மடு மாதா. 2008இல் போர் மடுவுக்கு வந்தபோது அதே மாதாவைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தேவன்பிட்டிக்கு ஓடினார்கள்.

இடிந்துபோன கேதீச்சரத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று 1872இல் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 1990 இருக்கிறது. அந்த ஒக்டோபர் மாதக் கடைசியில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மொத்தம் 70,000 பேருக்கு மேல். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் சனம் படகுகளில் கற்பிட்டிக்குப் போனது. அரபு வணிகர் கொண்டுவந்தது என்று நாங்கள் சுற்றி நின்று படம் பிடிக்கும் பெருக்கமரம் அதே இடத்தில் நின்றது. அவர்களோடு வந்தவை என்று சொல்லும் கழுதைகளும் தெருவில் நின்றன. மனிதர்களைத்தான் அனுப்பினோம். 'அனுப்பினார்கள்' என்று எழுதிவிட்டு, பிறகு 'அனுப்பினோம்' என்று மாற்றினோம். நாங்கள் பிறக்கவே இல்லைதான். ஆனால் எங்கள் வீடுகளில் 1995 இடப்பெயர்வைப் பற்றியும் 2009ஐப் பற்றியும் எத்தனையோ இரவுகள் கதைத்திருக்கிறார்கள், 1990ஐப் பற்றி ஒரு இரவுகூடக் கதைத்ததில்லை. மன்னார் நகரில் தேநீர்க் கடை வைத்திருந்த ஒரு நானாதான் எங்களுக்கு முதன்முதலாக அதைச் சொன்னார். திரும்பி வந்து கடை போட்டு எத்தனை வருடம் என்று சும்மா கேட்டோம். "திரும்பி வந்து எண்டு கேட்டீங்களே, அது போதும்" என்றார்.

2019 சிவராத்திரிக்கு முதல் நாள், மாந்தைச் சந்தியில் கோயில் வளைவு தொடர்பாக இந்துக்களும் கத்தோலிக்கரும் முரண்பட்டு, வளைவு பிடுங்கப்பட்டது. பாரசீகரும் சீனரும் வந்துபோன நகரத்தின் வாசலில், ஒரு வளைவு எங்கே நிற்கலாம் என்று இரண்டு தமிழ்ச் சமூகங்களுக்கு இணங்கிப் போக முடியவில்லை.

இந்த மண்ணில் தோண்டினால் மணியும் மட்பாண்டமும் மட்டும் வருவதில்லை. 2013 டிசெம்பரில் திருக்கேதீச்சரத்துக்குக் கிட்டத் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன, 80க்கு மேல். 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்குத் தோண்டிய இடத்தில் 300க்கு மேல். சதொச எலும்புகளின் மாதிரிகள் 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று காபன் பரிசோதனை சொன்னது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் அதை இலகுவில் ஏற்கவில்லை. எத்தனை வருடமாகத் தேடும் அம்மாவுக்கு, 'இது உன் பிள்ளை இல்லை, போர்த்துக்கேயர் காலம்' என்று ஒரு கடதாசியைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? வரலாறு அங்கே ஆறுதலாக இல்லை.

எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு துறைமுகம்

தலைமன்னார் இறங்குதுறையில் எங்களோடு வந்த ஒருவர் கனநேரம் பேசாமல் நின்றார். அவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்தது. இரணைமடு வாய்க்காலோரக் குடியிருப்புகளில் அப்படி வந்த குடும்பங்கள் கனக்க. அவருடைய முன்னோர் எந்த வருடம் வந்தார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, மன்னாரால் வந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்த சனத்தை மன்னார்க் கரையில் இறக்கி, மாத்தளை வரைக்கும் ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே நடத்திக்கொண்டு போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது, தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே வருடம்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று. அவர்களில் பெரும்பாலானோர் கப்பல் ஏறியதும் தலைமன்னாரில்தான். வந்த வாசலாலேயே திருப்பி அனுப்பினார்கள். 1980களில் கப்பல் நின்ற பிறகு இதே கரையிலிருந்து மீன்பிடி வள்ளங்களில் அகதிகள் இராமேஸ்வரம் போனார்கள்.

"எங்கட ஆக்கள் பண்டைய துறைமுகம் எண்டு பெருமையாக் கதைக்கேக்க, அதில நாங்களும் இருக்கிறமோ?" என்று அவர் கேட்டார். வன்னியில் அவருடைய குடும்பத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அதை இங்கே எழுத விருப்பமில்லை. எங்களில் ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை.

இப்போது எழுதும்போது சொல்லலாம்: இருக்கிறீர்கள். கராம்போடு வந்தவர், சீனச் சாடியோடு வந்தவர், குர்ஆனோடு வந்தவர், சிலுவையோடு வந்தவர், வெறுங்கையோடு வந்து காட்டுக்குள்ளால் நடந்தவர், எல்லோரும் இறங்கிய கரை இது. வருகிறவர்களால்தான் ஒரு ஊர் துறைமுகம் ஆகிறது. மாதோட்டம் எங்களுடையது என்று சொல்லிக்கொண்டு, அங்கே வந்து இறங்கியவர்களை எங்களுடையவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் மிஞ்சுவது ஒரு மண்மேடு.

போகிறவர்களுக்கு

காலையிலேயே மாந்தை மேட்டில் தொடங்குங்கள். பாலாவித் தீர்த்தக்கரையில் இருந்துவிட்டு மேட்டைச் சுற்றி நடவுங்கள். மழைக்குப் பிறகு மண்ணில் ஓட்டுத் துண்டுகள் தெரியும். பாருங்கள், ஆனால் எடுக்காதீர்கள். இடத்தை விட்டு எடுத்தால் அது வெறும் ஓடு. பிறகு பாலத்தால் தீவுக்குள் போனால் கோட்டை, பள்ளிமுனையில் பெருக்கமரம், தோட்டவெளி, கடைசியில் தலைமன்னார். 2015இல் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதால் கொழும்பிலிருந்து வருகிறவர்களும் நேரே இறங்கலாம். வங்காலைச் சரணாலயத்தில் மழைக்காலம் முடிய வலசைப் பறவைகள் நிற்கும்.

இரண்டாம் நாளை அரிப்புக்கு வைத்திருங்கள். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்க 1801–1804இல் கட்டிய டொரிக் மாளிகையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. இலங்கை முத்துக்குளிப்பை வைத்து பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸே 1863இல் ஒரு இசைநாடகமே செய்தார், அவர் இந்தக் கரையைக் கண்டதில்லை. திரும்பி வரும்போது கட்டுக்கரைக் குளக்கட்டில் கொஞ்சம் நில்லுங்கள்.

போகிற இடமெல்லாம் யாரிடமாவது கதை கேளுங்கள். கோயிலடியில் கேட்டால் ஒன்று சொல்வார்கள், தேவாலயத்தில் வேறொன்று, பள்ளிவாசலடியில் இன்னொன்று. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். அகழாய்வுக்குழியின் சுவரில் எல்லா அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும் என்று சொல்வார்கள், ஒரு அடுக்கைப் பிடுங்கினால் மேலே உள்ளதும் சரிந்துவிடும்.

நாங்கள் இரணைமடுவுக்குத் திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அடுத்த முறை அந்த நானாவின் ஊருக்கும் போவது என்று பேசி வைத்திருக்கிறோம்.